நீருக்குள் இறங்கிய பிள்ளைகள்



காலையில் பெரட்டுக்குப் போய், பழம் வெட்டும் வேலையும் பழம் பொறுக்கும் வேலையும் முடித்து, வீடு திரும்பிக் குளித்துவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நீச்சல். அதுவும் எல்லாரும் அறிந்த நீச்சல் பந்தயம் அன்று. கால் இயங்காதவர்கள், கை இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், மெதுவாகக் கற்கிறவர்கள் ஆகியோர் மலேசியாவின் பெயரைச் சட்டையில் தாங்கி நீந்தப் போன வரலாறு.

“தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சம்பந்தம், வாத்தியாரே?” என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நமக்குத் தண்ணீர் என்றால் ஈயக் குட்டை, ஆறு, தோட்டத்து வாய்க்கால். அதில் போய்ச் சேர்ந்த பிள்ளையின் பெயர் ஒன்றாவது ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஆகையால் ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு வரலாற்றுக்குப் போகிறோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானை அடுத்த காப்பார் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க லயம் லயமாகப் போவது எங்கள் வழக்கம். ஒரு வீட்டு வாசலில், “உங்கள் வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், பாட்டி?” என்று கேட்டோம். “ரெண்டு பேரு, சார்” என்றார். உள்ளே பாயில் மூன்றாவதாக ஒரு பையன் படுத்திருந்தான். எங்கள் பார்வை போன திக்கைப் பார்த்துவிட்டு, “அதுவா? அத விடுங்க சார். அதுக்கு ஒண்ணும் முடியாது” என்றார்.

பாட்டி கொடுமைக்காரர் அல்லர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டித் துடைத்து வளர்த்தவர் அவர்தான். பையனுக்குப் பெருமூளை வாதம். பிறக்கும் வேளையில் மூளைக்குக் காற்று சரியாகப் போகாததால் வந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு குழறும். ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரிந்தது. நாங்கள் வேடிக்கையாக ஏதோ சொன்னதற்கு அவனே முதலில் சிரித்தான்.

அன்று மாலை அவன் தகப்பனார் வேலை முடிந்து வந்தார். பையனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போனார். வெயிலில் இளஞ்சூடாகக் கிடந்த தண்ணீரில் கழுத்தளவு இறக்கி, பிடரியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் பின்னிக் கிடந்த கால்கள் மெல்லப் பிரிந்தன. “தண்ணியில இருந்தா மட்டும் இப்படி நீட்டுவான், சார்” என்றார். எந்த மருத்துவரும் சொல்லிக் கொடுக்காமல் தாமே கண்டுபிடித்தது.

அவர் கண்டது சரிதான். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் ஒருவருடைய கால்கள் தாங்க வேண்டிய எடை, தரையில் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் முறுக்கேறிய தசையைத் தளர்த்துகிறது. தரையில் ஓரடி நகர முடியாத உடம்பு நீரில் நகர்கிறது. இந்த உண்மையின் மேல்தான் நாம் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் நிற்கிறது.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் ஒரு மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில் முதுகுத் தண்டில் அடிபட்ட போர்வீரர்களை அங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்நாளில் அப்படி அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் சில மாதங்களில் இறந்துபோவதே வழக்கம். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவரான லுட்விக் குட்மன் அங்கே பொறுப்பேற்றார். ‘இவர்கள் சாகக் கிடப்பவர்கள்’ என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. படுக்கையை விட்டு எழுப்பினார், வேலை கொடுத்தார், விளையாடச் சொன்னார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே விதை. 1960-இல் ரோமாபுரியில் சுமார் 400 பேர் கூடிய போட்டியை முதல் பாராலிம்பிக் என்று இன்று சொல்கிறோம். அந்த முதல் போட்டியிலேயே நீச்சல் இடம்பெற்றுவிட்டது.

குட்மனிடம் பயின்ற நாகமுரா யுதாகா என்ற ஜப்பானிய மருத்துவர் ஆசியப் பக்கம் இதைக் கொண்டுவந்தார். 1975-இல் ஜப்பானின் ஓயித்தா நகரில், தூரகிழக்கு, தென்பசிபிக் நாடுகளின் உடற்பேறு குறைந்தோருக்கான போட்டி முதன்முதலாக நடந்தது. ஃபெஸ்பிக் என்று அதைச் சுருக்கி அழைப்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோலாலம்பூருக்கு வரும்.

மலேசியா முதன்முதலாகப் பாராலிம்பிக்கில் கலந்துகொண்டது 1972-இல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில். பதக்கம் ஏதும் கிட்டவில்லை. ஆனால் அதே ஹைடல்பர்க் நீச்சல் குளத்தில் நடந்த ஒன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். முரளிகாந்த் பேட்கர் என்ற இந்தியப் படைவீரர் 50 மீட்டர் தூரத்தை 37.33 விநாடியில் நீந்தி, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான். மராட்டிய மாநிலத்துக் கிராமத்துப் பிள்ளை. படையில் குத்துச்சண்டை வீரர். 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பம்பாயில் கடற்படை மருத்துவமனையில் கிடந்தபோது சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறக்கினார்கள். அங்கே பிடித்த நீச்சல்தான் ஹைடல்பர்க் வரை கொண்டுபோனது.

அப்படிப்பட்டவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது 2018-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 46 ஆண்டுகள். தங்கம் வாங்கியவர் தலை நரைத்துப் போன பிறகு!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஹைடல்பர்க்குக்குப் பிறகு நெடிய இடைவெளி. 1980-களின் இறுதியிலிருந்துதான் நம் அணி தொடர்ந்து பாராலிம்பிக்குக்குப் போகத் தொடங்கியது. முதலில் பெயர் வாங்கித் தந்தது நீச்சல் அன்று, பளுதூக்குதல். மாரியப்பன் பெருமாள் என்ற நம் இனத்தவர் அதில் பாராலிம்பிக் பதக்கம் வென்று வந்தார். பளுதூக்க ஒரு பலகையும் இரும்பும் ஓர் அறையும் போதும். நீச்சலுக்குக் குளம் வேண்டும். குளத்துக்குப் போக வண்டி வேண்டும். தண்ணீரில் இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். நீச்சல் அணி மெதுவாக வளர்ந்ததற்கு இந்த மூன்றும் போதிய காரணம் என்பது எங்கள் கருத்து.

கோலாலம்பூரில் 1998-இல் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது புக்கிட் ஜாலிலில் தேசிய நீச்சல் மையம் எழுந்தது. நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். உடற்பேறு குறைந்தவர்களுக்குக் காமன்வெல்த்தின் பதக்கப் பட்டியலில் முழு இடம் கிடைத்தது அதற்கு அடுத்து, 2002-இல் மான்செஸ்டரில் நடந்த போட்டிகளில்தான். ஆனால் புக்கிட் ஜாலில் அதுவரை காத்திருக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலாவது ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டிகள் கோலாலம்பூரிலேயே நடந்தன. தென்கிழக்கு ஆசியாவில் அப்படியொரு போட்டி அதுவே முதல் தடவை. திடல்தட ஓட்டமும் நீச்சலும்தான் அதில் பதக்கத்துக்குரிய விளையாட்டுகள். மலேசிய பாராலிம்பிக் மன்றத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய டத்தோ ஸைனல் அபு ஸரின் இதற்குப் பெரிதும் உழைத்தவர். சீ விளையாட்டுப் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், அதையொட்டி இந்தப் பாரா போட்டியும் நடக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது.

பிறகு 2006-இல், சற்று முன் சொன்னோமே, அந்த ஃபெஸ்பிக் போட்டி கோலாலம்பூருக்கு வந்தது. அது ஒன்பதாவது, அதுவே கடைசியும்கூட. 2010 முதல் ஆசிய பாரா போட்டி என்று பெயரும் அமைப்பும் மாறின. 2009-இல் லாவோஸ் நடத்த இயலாத ஆசியான் பாரா போட்டியை மீண்டும் கோலாலம்பூர் ஏற்றது. 2017-இல் மூன்றாம் முறை. அந்த ஆண்டு எல்லா விளையாட்டும் சேர்ந்து மலேசியாவுக்கு 90 தங்கம்; இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். ஒரு கால் இல்லாதவரும், கழுத்துக்குக் கீழே எதுவும் இயங்காதவரும் ஒரே பந்தயத்தில் நீந்தினால் அது நியாயமா? நியாயம் அன்று. அதனால்தான் வகுப்புப் பிரிப்பு வைத்திருக்கிறார்கள். பள்ளியில் ஆண்டு வாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீச்சலில் எஸ் என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 1 முதல் 10 வரை உடல் இயக்கக் குறைபாடு. 1 என்றால் மிகக் கடுமையான குறைபாடு, 10 என்றால் குறைவானது. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 14 என்பது அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ளவர்களுக்கு. காது கேளாதவர்கள் இதில் வரமாட்டார்கள். 1924 முதலே அவர்களுக்குத் தனி உலகப் போட்டி இருக்கிறது.

எண் கொடுப்பதற்கு முன் மருத்துவம் அறிந்தவரும் நீச்சல் அறிந்தவரும் சேர்ந்து சோதிப்பார்கள். மேசையில் படுக்க வைத்து ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு பலம் என்று பார்ப்பார்கள். பிறகு தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். பிறகு போட்டியில் நீந்தும்போதும் கவனிப்பார்கள். விதிகளிலும் விட்டுக்கொடுத்தல் உண்டு. மேடையிலிருந்து குதிக்க இயலாதவர் தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்கலாம். சுவரில் காலை ஊன்ற முடியாதவருக்கு ஒருவர் பாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இரு கையும் இல்லாதவர் மல்லாந்து நீச்சலில், தொடக்கத்துக்காக ஒரு துண்டையோ கயிற்றையோ பல்லால் கவ்விக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள்.

பார்வையற்றவர்கள் நீந்துவது இன்னும் வியப்பு. பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருப்பீர்கள். ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் வெள்ளைக் கோலை ஊன்றி, நடைபாதையில் பதித்த மேடுபள்ளக் கற்களைக் காலால் தடவித் தடவிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் அந்தக் கற்கள் செய்கிற வேலையைக் குளத்தில் இரண்டு பொருள்கள் செய்கின்றன. ஒன்று, பாதை பிரிக்கும் மிதவைக் கயிறு. தோளோ கையோ அதில் உரசினால் விலகிவிட்டோம் என்று தெரியும். மற்றொன்று, நீண்ட கழியின் நுனியில் கட்டிய மெத்தென்ற பந்து. சுவர் நெருங்கும்போது, கரையில் நிற்கிறவர் அதனால் நீந்துகிறவரின் தலையிலோ முதுகிலோ ஒரு தட்டு தட்டுவார். கொஞ்சம் முந்தினால் வேகம் குறையும். கொஞ்சம் பிந்தினால் தலை சுவரில் மோதும். எஸ் 11 வகுப்பில் நீந்தும் எல்லாரும் கறுப்படித்த கண்ணாடி அணிய வேண்டும். ஒருவருக்குச் சிறிது வெளிச்சம் தெரிந்தால்கூட மற்றவருக்கு அநீதி அல்லவா?

நம் அணிக்குத் திரும்புவோம். 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் நம் நாட்டுக்கு மறக்க முடியாதது. ஓட்டத்தில் ரிட்ஸுவான் புஸி, குண்டெறிதலில் ஸியாட் ஸோல்கஃப்லி, நீளம் தாண்டுதலில் லத்தீஃப் ரொம்லி என மூன்று தங்கம். ரிட்ஸுவானுக்கு இருப்பது பெருமூளை வாதம், எங்கள் காப்பார்ப் பையனுக்கு இருப்பதே. மற்ற இருவரும் மெதுவாகக் கற்கிறவர்களுக்கான வகுப்பில் வென்றவர்கள். வகுப்பில் பின்வரிசையில் உட்கார வைத்து மறந்துவிடுகிற பிள்ளைகள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். எங்களுக்கும் உறைக்கும். ஒலிம்பிக் தங்கத்துக்கு வரையறுத்த அதே பத்து லட்சம் வெள்ளி இவர்களுக்கும் வழங்கப்பட்டது.

அந்த ரியோவுக்கு நீச்சலுக்காகப் போனவர்களில் ஜமெரி சிகா, ஸூல் அமிருல் சிடி ஆகியோர் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் பதின்ம வயதுப் பெண்ணான பிரெண்டா அனெல்லியா லேரி நம் நாட்டுக்காக நீந்தினார். 2024 பாரிஸ் வரை நீச்சலில் நமக்குப் பாராலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் யிப் பின் சியூ என்ற பெண், தசை நாளுக்கு நாள் வலுவிழக்கும் நோயோடு, 2008 முதல் 2024 வரை மல்லாந்து நீச்சலில் ஏழு பாராலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறார். ஐந்து வயதிலேயே தண்ணீரில் இறங்கியவர். அவர் ஊரில் குளம் எத்தனை அருகில் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு வாய்ப்பு கைக்கு வந்து நழுவியதும் உண்டு. 2019-இல் உலகப் பாரா நீச்சல் போட்டி சரவாக் மாநிலம் கூச்சிங்கில் நடப்பதாக இருந்தது. இஸ்ரேல் நாட்டு வீரர்களை அனுமதிக்க மாட்டோம் என்று நம் அரசாங்கம் அறிவித்தது. அனைவரையும் அனுமதிக்காத நாட்டில் நடத்த இயலாது என்று அனைத்துலக பாராலிம்பிக் மன்றம் அந்த ஆண்டு ஜனவரியில் முடிவெடுத்தது. போட்டி லண்டனுக்குப் போய்விட்டது. அதன் அரசியலைப் பேச இது இடமில்லை. சொந்த மண்ணில், சொந்த மக்கள் கைதட்ட, உலக வீரர்களோடு நீந்தும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு அன்று போயிற்று என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவதை எழுதும்போது எங்களுக்குக் கை ஓடவில்லை. கோ லீ பெங் என்று ஓர் அம்மையார், பினாங்கைச் சேர்ந்தவர். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆசியான் பாரா போட்டிகளில் நம் நாட்டுக்காக நீந்தித் தங்கம் வென்றவர். 2021-இல், டோக்கியோவில் நம் வீரர்கள் தங்கம் வென்ற செய்தி நாளேடுகளில் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், இவர் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் தெருவில் மெல்லிழைத்தாள் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார். அவர் பிச்சை கேட்கவில்லை, விற்றார்; உழைத்துப் பிழைத்தார். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் கழுத்தில் பதக்கம் போட்டு அனுப்பிய நாடு அவரை எங்கே விட்டது என்று கேள்வி எழுந்தது. செய்தி பரவிய பிறகுதான் உதவி வந்தது.

பேட்கருக்கு 46 ஆண்டு கழித்து விருது. இந்த அம்மையாருக்குத் தெருவில் கண்டபிறகு உதவி. ரியோவில் வென்றவர்களுக்குக் கிடைத்தது போன்ற பரிசு முன்னோடிகளுக்குக் கிடைக்கவில்லை. பதக்கம் ஒன்றையே நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் நாங்கள் சொல்வது இதனால்தான். நீந்தட்டும். கூடவே படிக்கட்டும், ஒரு தொழிலும் கற்கட்டும்.

சரி, காப்பார்ப் பையன் என்ன ஆனான்? அவனைப் பொதுக் குளம் ஒன்றுக்கு அழைத்துக்கொண்டு போனோம். எந்த ஊர்க் குளம் என்பது வேண்டாம். வாயிலில் இருந்தவர் பையனைப் பார்த்தார், சக்கர நாற்காலியைப் பார்த்தார். “பஹாயா, சிக்கு” என்றார். ஆபத்து, ஆசிரியரே, என்று பொருள். மற்றவர்கள் கட்டிய அதே கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். தகப்பனார் ஒரு வார்த்தை பேசவில்லை. “போலாம் சார்” என்று பையனைத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த ‘போலாம்’ எங்களுக்கு இன்னும் கேட்கிறது.

நாங்கள் அன்று அறியாமல் போன ஒன்றை இன்று நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் இருக்கிறது. மலாயில் ‘ஓராங் குராங் உபாயா’, சுருக்கமாக ஓ.கே.யு. அதன் 32-ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க இவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. சட்டம் வந்தபோது மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் வைக்கப்படவில்லை என்பது பெரிய குறை. அப்படியிருந்தும், மருத்துவர் கடிதம், பள்ளியின் கடிதம், ஓ.கே.யு. அட்டை மூன்றையும் கொண்டுபோய், அந்தப் பிரிவையும் எடுத்துச் சொன்னபோது, அதே குளத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அந்த அட்டை இல்லாமல் எதுவும் நகராது. ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். மாவட்டச் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். இப்போது கணினி வழியாகவும் செய்யலாம். மருத்துவர் பிள்ளையைப் பார்த்துப் படிவத்தில் உறுதி செய்ய வேண்டும். காது, கண், பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்று ஏழு பிரிவு. ‘அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது’ என்று சில தாய்மார்கள் எங்களிடம் சொன்னதுண்டு. அவர்களுடைய பயம் எங்களுக்குப் புரியாமலில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு வகுப்பும் இல்லை, ரயிலில் கட்டணக் கழிவும் இல்லை, அணியில் இடமும் இல்லை. சிறப்புக் கல்வி வகுப்புள்ள பள்ளியில் சேர்ந்தால், அங்கிருந்து மாவட்டம், மாநிலம், பிறகு மாநில அணிகள் மோதும் பாரா சுக்மா என்று வழி போகிறது. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கண் வைப்பது அங்கேதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளையை மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள். இறக்கிய பிறகு, ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். ஆறும் குட்டையும் பழகுமிடம் அல்ல.

செவ்வாய்க்கிழமைகளில் தகப்பனார் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வருவார். மூன்றாம் மாதத்தில் பையன் கை பிடிக்காமல் மல்லாந்து மிதந்தான். ஆறாம் மாதத்தில் கையை மட்டும் வீசி, குளத்தின் அகலத்தைக் கடந்தான். 15 மீட்டருக்குள்தான் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பாட்டி ஒரு நாள் துண்டோடு வந்து கரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அதே லயத்துக்குப் பிள்ளைகளைப் பதியப் போனார். “எத்தனை பேர், பாட்டி?” என்று கேட்டதற்கு, “மூணு பேரு. பெரியவன் நீச்சலுக்குப் போயிருக்கான்” என்றாராம்.

தேசிய அணி வரை அவன் போகவில்லை. அந்தத் தோட்டம் கைமாறி, மரங்களை அழித்து வீடமைப்பாகிவிட்டது. குடும்பம் கிள்ளானுக்கு அருகில் மலிவு விலை அடுக்கு வீட்டில் இருக்கிறது. நான்காம் மாடி, மின்தூக்கி கிடையாது. பையனுக்கு இப்போது பதினேழு வயது, தகப்பனாரைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி இறக்குகிறார்கள். பிறகு ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு ரயில் மாறிக் குளத்துக்குப் போகிறார்கள். கீழ்த்தளத்து வீடு ஒன்றுக்கு மாற்றித் தரும்படி மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டு முறை நினைவூட்டுக் கடிதமும் போட்டாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் நேரில் போய்க் கேட்கப் போகிறோம்.